கப் உட்காரவில்லை

முன் சக்கரங்களுக்குப் பேரிங் மாற்றி அன்று மூன்றாவது நாள். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு முடிந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். ஜீப் 40-ஐத் தொட்டதும் ஸ்டீரிங் கைக்குள் உதற ஆரம்பித்தது. முன்சீட்டில் இருந்த அக்கா என் கையையே பார்த்துக்கொண்டு வந்தவர், "தம்பி, வண்டி ஏன் இப்படி நடுங்குது?" என்று கேட்டார். "ரோடு சரியில்லக்கா" என்றேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது. பின்னால் ஏழு பேர், எல்லாரும் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும். அந்தப் பொய்யை நினைத்து அன்று இரவு சரியாகத் தூக்கம் இல்லை.

என்னுடையது பழைய மகேந்திரா கமாண்டர், நாலு சக்கரமும் இழுக்கும் 4 வீல் டிரைவ். மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றில் இதை விட்டால் வேறு வண்டி ஏறாது. பேரிங் மாற்றியது கம்பத்தில் ஒரு பட்டறையில். சாமான் நல்ல சாமான்தான், நானே கடையில் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் ஞாயிறு. முதலில் சக்கர நட்டுகளைப் பார்த்தேன், எல்லாம் இறுக்கம். ரிம்மில் கோட்டமோ என்று ஸ்டெப்னியை மாட்டி ஓட்டினேன். உதறல் அப்படியே இருந்தது. பிறகு ஜாக்கி போட்டு வலது முன் சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினேன். டக் டக் என்று நன்றாகவே ஆடியது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். மேல்-கீழ் ஆட்டம் வீல் பேரிங்கிலிருந்தும் வரும், ஸ்டீரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எதன் மேல் திரும்புகிறதோ அந்தக் கிங்பின்னிலிருந்தும் வரும். எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்காரியை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொன்னேன். பிரேக் பிடித்தால் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மும் சுற்றாத பின்தட்டும் ஒன்றாகிவிடும், பேரிங்கின் ஆட்டம் மறைந்துபோகும். அதற்குப் பிறகும் ஆடினால் கிங்பின். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. ஆக, புதிதாகப் போட்ட பேரிங்தான்.

முகப்பைக் கழற்றி, வெளி நட்டு, லாக் வாஷர் எடுத்துப் பார்த்தால் உள் நட்டு லூஸ். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பிடிப்பு வரும்வரை இறுக்கி, 6-ல் ஒரு பங்கு சுற்று பின்வாங்கி, வாஷரையும் வெளி நட்டையும் போட்டுப் பூட்டினேன். ஆட்டம் போனது. செவ்வாய்க்கிழமை மறுபடி வந்துவிட்டது.

பூட்டின நட்டு தானாகத் திரும்பாது. நட்டு நின்ற இடத்திலேயே நிற்க, ஆட்டம் மட்டும் வருகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ நகர்கிறது. அது என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டி, கேரளப் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் வேலை பார்க்கும் ஆசானிடம் கொண்டுபோனேன். அந்தப் பக்கத்து ஜீப்பெல்லாம் அவர் கைக்கு வந்து போகும். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்.

சக்கரத்தின் நடுக் குடமான ஹப்பை டிரம்மோடு இழுத்து எடுத்து, கிரீஸைத் துடைத்துவிட்டு, உள்பக்கத்துக் கப்பின் மேல் விரலை ஓட்டினார். கப் என்பது பேரிங்கின் வெளி வளையம், ஹப்புக்குள் அடித்து இறக்குவது. ஒரே தடவை. "கப்பு இருந்நிட்டில்ல" என்றார். நாங்கள் உட்காரவில்லை என்போம்.

பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டிக் கப்பை வெளியே எடுத்தார். ஹப்புக்குள் அது உட்காரும் படியில் நகக்கண் அளவு இரும்புப் பிசிறு. பழைய கப்பை உளியால் அடித்துக் கழற்றினபோது கிளம்பினதாக இருக்க வேண்டும். அதன் மேலேயே புதுக் கப்பை அடித்து இறக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் தூக்கினபடி கப் நின்றிருக்கிறது. பாரம் ஏறி ஓடஓட அந்தப் பிசிறு நசுங்க, கப் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. இது கூம்பு மாதிரி சரிவான டேப்பர் பேரிங், இதில் கப் முடியளவு உள்ளே போனாலும் நட்டு இறுக்கினது வீண், டயர் ஓரத்தில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். நான் எத்தனை தடவை இறுக்கியிருந்தாலும் நிற்காது.

ஆசான் அந்தப் படியை அரத்தால் சுத்தம் செய்து மண்ணெண்ணெயில் கழுவினார். பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கழற்றின பழைய கப் ஒன்றின் வெளிவட்டத்தைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்து, அதையே புதுக் கப்பின் மேல் கவிழ்த்து வைத்துச் சுத்தியலால் சுற்றிச்சுற்றித் தட்டினார். "கண்ணால நோக்கண்டா, காதால கேளு" என்றார். முதலில் சத்தம் பொத் பொத் என்று மந்தமாக வந்தது. இறங்க இறங்க அப்படியே. கடைசியில் ஒரு தட்டில் சட்டென்று மாறிக் கிண் என்று கேட்டது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். படியில் முழுசாக உட்கார்ந்தால்தான் அந்தச் சத்தம் வருமாம்.

ரோலருக்குள் கிரீஸை உள்ளங்கையால் அமுக்கி ஏற்றிப் பூட்டினோம். 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடுதான். கை வைக்க முடியாமல் சுட்டால் அதிகம் இறுக்கிவிட்டோம் என்று அர்த்தம், நட்டைத் தளர்த்த வேண்டும்.

மறுநாள் விடியற்காலை அந்த அக்கா ஏறியதும், அன்றைக்கு ரோடு காரணம் இல்லை, பேரிங் என்று சொன்னேன். "அப்பவே தெரியும் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

அதே பட்டறையில் அதே நாள்தான் இடது பக்கமும் மாற்றியது. இதுவரை அதில் ஆட்டம் இல்லை. வரும் ஞாயிறு அதையும் பிரித்துக் கப்பைத் தட்டிப் பார்க்கப் போகிறேன், தேய்த்த பழைய கப்பை ஆசானிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.