‘கடப்பாடு: இன்டர்நெட்’ என்று போட்டால் படம் அவர்களுடையதா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொல்லங்கோட்டு வயல், இரண்டு பனை, பின்னால் நெல்லியாம்பதி மலை. நாங்கள் எடுத்த இந்தப் படம், கீழ்விளிம்பில் இருந்த பெயர் வெட்டப்பட்டு, ஒரு தங்கும் விடுதியின் இணையப் பக்கத்தில் வந்தது. அடியில் மலையாளத்தில் ‘கடப்பாடு: இன்டர்நெட்’. தமிழில் கடப்பாடு என்றால் கடமை. அங்கே அது வெறும் நன்றி. இரண்டுமே அனுமதி ஆகாது.

சண்டைக்குப் போகும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம், லிங்க்கும் தேதியும் தெரிய. முதலில் மெசேஜ் போட்டால் அழித்துவிட்டு, ‘நாங்க போடவே இல்லையே’ என்பார்கள்.

ஆதாரம், ரா ஃபைலும் (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு) அதற்கு முன்பின் எடுத்த படங்களும். அடுத்த எண்ணுள்ள படத்தில் அதே வரப்பில் கொக்கு மட்டும் இரண்டடி தள்ளி நிற்கும். எடுத்தவரிடம்தான் அது இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கேமரா விவரங்கள் போய்விடும். டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். பதிப்புரிமைப் பதிவுச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு எடுத்த கல்யாணப் படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி உரிமை காசு கொடுத்தவருக்கு. ஸ்டுடியோக்காரர்கள் சறுக்குவது இங்கேதான்.

படத்தை வைத்திருக்கும் தளத்துக்கான புகாருக்கு 2013 பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதி. எந்தப் படம், உரிமை எப்படி நமக்கு, அனுமதி இல்லாமலே பயன்படுத்த விடும் 52ஆம் பிரிவின் விலக்கில் ஏன் வராது, எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். எங்கே என்றால் கணக்கின் பெயர் போதாது, அந்தப் பதிவின் லிங்க் வேண்டும். கூடவே, வழக்குப் போட்டு 21 நாளில் கோர்ட் உத்தரவு தருவதாக உறுதிமொழி. பலர் விடுவது இதைத்தான்.

புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் படத்தை மறைக்க வேண்டும். 21 நாள் கணக்கும் புகார் கிடைத்த நாளிலிருந்துதான். படம் மறைந்த நாளிலிருந்து அல்ல. உத்தரவு வராவிட்டால் திரும்பப் போடலாம். அதே படம், அதே லிங்க் என்று மறுபடி புகார் கொடுத்தால் பதில் சொல்லும் கட்டாயம்கூட அவர்களுக்கு இல்லை. ஆகவே புகாருக்கு முன்பே வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். படம் போட்டவர் டெல்லியில் இருந்தாலும், 62ஆம் பிரிவுப்படி நாம் குடியிருக்கும் பாலக்காட்டு மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

எங்களுக்கு அதுவரை போகவில்லை. புகாரின் நகல் போனதும் விடுதிக்காரர்களே எடுத்துவிட்டார்கள். பயன்படுத்தியதற்கான கட்டணத்துக்குத் தனிக் கடிதம் போயிருக்கிறது.