ஒரே ஸ்விட்ச், ஒரு பிசகிய ஸ்வரம்

வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப் பெடலை மிதித்து, கிட்டாரில் ஒரு வரியைப் பதிந்து, அது சுழன்றுகொண்டிருக்கும்போதே அதன்மேல் அடுத்தடுத்த லேயர்களை அடுக்கி வாசிப்பவர்களிடையே, வசதி குறைந்தால் கற்பனை வளரும் என்ற பேச்சு வேதவாக்குப் போல உலவுகிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. லேப்டாப்பில் எட்டு டிராக்குகளை ஓடவிட்டு இரண்டு ஆண்டுகள் வாசித்துவிட்டு, ஒரே ஸ்விட்ச் உள்ள சிறிய பெடலுக்குத் திரும்பியிருப்பவன் என்ற முறையில், எந்தக் குறை கைகொடுக்கிறது, எது வெறும் தொல்லையாகவே நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

இந்தக் கலை பிறந்ததே வசதிக்குறைவில்தான். 1960களில் இசையமைப்பாளர்கள் டெர்ரி ரைலியும் பாலின் ஒலிவெரோஸும், பின்னர் 1972இல் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பும் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும், இரண்டு டேப் ரெக்கார்டர்களைச் சற்று இடைவெளி விட்டு வைத்து, ஒன்றில் பதிவான நாடாவை மற்றொன்றின் வழியே ஓடவிட்டு, அங்கே ஒலிப்பதை மீண்டும் முதல் கருவிக்கே அனுப்பினார்கள். நாடா நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடினால், ஒரு மீட்டர் இடைவெளி ஏறத்தாழ 5 நொடித் தாமதத்தைத் தரும். சுழற்சியை நீட்ட வேண்டுமென்றால் கருவியையே நகர்த்த வேண்டியதுதான். பிசகிய ஸ்வரத்தை மட்டும் பிடுங்கி எடுக்கவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒலியின் கூர்மை சற்றே மழுங்கி, பழைய ஸ்வரங்கள் தாமாகவே பின்னணியில் கரைந்துவிடும். அந்த இசை அவ்வளவு நிதானமாக நகர்ந்ததில் நாடாவுக்கும் பங்குண்டு.

என் பெடலில் எதுவும் கரைவதில்லை. வாசித்தது வாசித்த வலுவிலேயே திரும்பத் திரும்ப வருவதால், ஆறாவது லேயருக்குள் எல்லாம் சேறாகிவிடுகிறது. முதல் சுற்றை மூடும் கணமும் கால் பெருவிரலின் பொறுப்புதான்: கடைசி ஸ்வரம் முடிந்ததும் மிதிக்கக் கூடாது, அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் பீட் விழும் இடத்தில் மிதிக்க வேண்டும். இம்மி முந்தினாலும், அந்த நொண்டல் ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் வந்து நிற்கும்.

சென்ற மாதம் ஒரு பயிற்சியின்போது நடந்தது இது. ஈ, ஜி, பி ஸ்வரங்கள் சேர்ந்த ஈ மைனர் கார்டில் (ஸ்வரக்கூட்டில்) மூன்றாவது லேயரைப் பதியும்போது, இரண்டாம் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்ட வேண்டிய இடத்தில் விரல் முதல் ஃபிரெட்டை (கிட்டார் கழுத்தின் முதல் கட்டத்தை) தொட்டுவிட, பி ஒலிக்க வேண்டிய இடத்தில் சி ஒலித்தது. நான்காவது லேயரையும் போட்ட பிறகுதான் அது காதில் குத்தியது. ஸ்விட்சை அழுத்திப் பிடித்தால் கடைசி லேயர் மட்டுமே நீங்கும். மூன்றாவதை மட்டும் உருவி எடுக்க வழியில்லை. லேப்டாப்பாக இருந்தால் யோசிக்காமல் அந்த டிராக்கை அழித்திருப்பேன். வேறு போக்கின்றி, நாலைந்து சுற்றுகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். பிறகு ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் கீழ் சி ஒன்றை அடியில் வைத்தவுடன், ஈ, ஜி, பி ஆகிய மூன்றும் அதன்மேல் அமர்ந்து சி மேஜர் செவன் என்ற கார்டு ஆகிவிட்டன. உறுத்திய ஸ்வரம் இப்போது வீட்டுக்காரனைப் போல நிமிர்ந்து நின்றது. எனக்கு அந்தக் கீழ் சி தோன்றியதற்குப் பெடல் காரணமில்லை. அழிக்க முடியாததால் கேட்க நேர்ந்ததே காரணம்.

அதே பெடலில், பல்லவி ஒரு கார்டிலும் சரணம் வேறொரு கார்டிலும் போகும் பாட்டை வாசிக்கவே முடியாது. ஒரே லூப்தான் சுழலும். இந்தக் குறையிலிருந்து எனக்கு இதுவரை ஒரு நல்ல யோசனைகூடப் பிறக்கவில்லை. அத்தகைய பாட்டுகளுக்கு இன்னமும் லேப்டாப்பைத்தான் திறக்கிறேன்.