அமெரிக்காவின் இல்லினாய் வீட்டுத் தோட்டத்தில் பிரெய்ரி (இயற்கைப் புல்வெளி) பூச்செடிகள்: விதையிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை

பாத்தி தயாரிப்பு: கோடை முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடிவைத்தால் புல்தரை செத்துவிடும். அதன்பின் மண்ணைக் கொத்தவே கூடாது. அடியில் உறங்கும் களை விதைகள் வெளிச்சம் பட்டதும் கிளம்பும். உரமும் கம்போஸ்ட்டும் வேண்டாம். களைகள்தான் கொழுக்கும், செடிகள் உயர வளர்ந்து சாயும்.

விதைப்பு: நவம்பர் கடைசி, தரை உறையுமுன். சதுர அடிக்குச் சுமார் 50 விதை. ஈர மணலில் கலந்து இரு பங்காக்கி, ஒன்றை நெடுக்கிலும் மற்றதைக் குறுக்கிலும் தூவி, காலால் மிதித்துவிட்டால் போதும். கல்வர்ஸ் ரூட் போன்ற பொடி விதைகளை மண்ணால் மூடினால் முளைக்காது.

வசந்தத்தில் விதைப்பதானால், குளிர்காலக் குளிருக்குப் பதிலாக, ஈர மணலோடு பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்: பட்டர்ஃபிளை மில்க்வீடுக்கு 30 நாள், பிரெய்ரி பிளேசிங் ஸ்டாருக்கு 60. வைல்ட் பெர்கமாட்டுக்குத் தேவையில்லை. மணலைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

முதல் ஆண்டு: பூவை எதிர்பார்க்க வேண்டாம். செடி வேரைத்தான் இறக்குகிறது. களை ஓரடி எட்டும்போதெல்லாம் 5 அங்குலம் விட்டு வெட்டுங்கள்; பிடுங்கினால் பக்கத்து நாற்றும் சேர்ந்து வரும். இங்கேதான் பலரும் பிளேசிங் ஸ்டாரை இழக்கிறார்கள். அதன் நாற்று அச்சு அசல் புல்தான். அடியைக் கவனியுங்கள்: புல்லின் இலை தண்டை உறைபோலச் சுற்றியிருக்கும், இதில் அந்த உறை இராது, மண்ணுக்குள் சிறு கிழங்கு திரண்டிருக்கும்.

இரண்டாம் ஆண்டு: பிளாக்-ஐட் சூசன் பாத்தியையே மஞ்சளாக்கும். மற்றவை அமுங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். அது குறுகிய ஆயுள் செடி, அடுத்தடுத்த ஆண்டுகளில் தானே குறையும். மில்க்வீட் மே மாதம் வரை தலைகாட்டாது. இடத்தில் குச்சி நட்டு வையுங்கள், இல்லையேல் செத்துப்போனதென்று தோண்டிவிடுவீர்கள்.

மூன்றாம் ஆண்டு: பெர்கமாட், கோன்ஃப்ளவர், மில்க்வீட் எல்லாம் பூக்கும். கம்பஸ் பிளான்டுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும்; ஆணிவேர் அவ்வளவு ஆழம் போகிற செடி. சிறு பாத்தியில் கனடா கோல்டன்ராடைச் சேர்க்கவே வேண்டாம், மண்ணடித் தண்டு ஓடி மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். புல்லுக்கு பிக் ப்ளூஸ்டெம்மைவிட லிட்டில் ப்ளூஸ்டெம் நல்லது.

இலையுதிர் காலத்தில் தண்டுகளை வெட்டாதீர்கள். விதைகள் பறவைகளுக்கு ஆகும். வசந்தத் தொடக்கத்தில் ஓரடிக்குமேல் கட்டை விட்டு வெட்டினால், அந்தத் தண்டுகளின் உள்ளே தனித்து வாழும் காட்டுத் தேனீக்கள் கூடு கட்டும்.