பிராஜெக்ட் வைவாவுல நான் முதல்ல கேக்கறது டேட்டா குறிச்ச நோட்டு தான்

ஏப்ரல் வந்தா போதும், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வாத்தியாருங்களுக்கு திடீர்னு மவுசு கூடிடும். மத்த மாசமெல்லாம் "உங்க டிபார்ட்மெண்ட்ல அட்மிஷன் எப்படி மேடம்"னு பாவமா பாக்கறவங்க கூட அப்ப மட்டும் போன் பண்ணி, வைவாவுக்கு (பிராஜெக்ட் பண்ண பசங்ககிட்ட நேர்ல கேள்வி கேக்கற பரிச்சை) வெளிலருந்து எக்ஸ்டர்னலா வாங்க, இல்லன்னா ஒரு எட்டு வந்து பசங்க அனாலிசிஸ மட்டுமாவது பாத்துட்டுப் போங்கன்னு கூப்புடுவாங்க. அப்படிப் போய்ப் போய் மைக்ரோபயாலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ், எம்பிஏன்னு எல்லா டிபார்ட்மெண்ட் பிராஜெக்டும் பாத்தாச்சு. பைண்டிங் பளபளன்னு இருக்கும், மேல தங்கக்கலர்ல எழுத்து, உள்ள ஒரு நம்பரைக் காட்டி இது எப்படிம்மா வந்துச்சுன்னு கேட்டா பொண்ணு கைடு மூஞ்சியப் பாக்கும்.

மைக்ரோபயாலஜில வருஷா வருஷம் தவறாம வர்ற பிராஜெக்ட் ஒண்ணு இருக்கு. வேம்போ துளசியோ குப்பைமேனியோ ஏதாவது ஒரு இலைய எத்தனால்ல ஊறப்போட்டு சாறு எடுத்து, சின்ன பேப்பர் டிஸ்க்ல நனைச்சு, ஈ.கோலை இல்லன்னா ஸ்டெஃபைலோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியாவ பரப்புன அகார் தட்டுல (கிருமி வளக்கற ஜெல்லி ஊத்துன தட்டு) வச்சு, மறுநாள் டிஸ்க்க சுத்தி கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர்னு ஸ்கேல் வச்சு அளக்கறது. நான் இத நக்கலடிக்கல, ஒழுங்கா பண்ணா அருமையான பிராஜெக்ட், பெரிய மெஷின் எதுவும் வேணாம், கத்துக்க அவ்ளோ இருக்கு. ஆனா வெறும் எத்தனால் மட்டும் நனைச்ச டிஸ்க் வச்ச கண்ட்ரோல் தட்டு, அதாவது ஒப்பிட்டுப் பாக்கறதுக்கான தட்டு, எங்கன்னு கேளுங்க, பாதி பேர்கிட்ட இருக்காது. எத்தனாலே கிருமியக் கொல்லும், டிஸ்க் சரியா காயலன்னா அந்த வட்டம் இலையோட வேலையா சாராயத்தோட வேலையான்னு எப்படிச் சொல்றது? இன்னொண்ணு, டேபிள்ல ஒரு இலைக்கு நேரா 6 மில்லிமீட்டர்னு போட்டு பக்கத்துல "மைல்டு ஆக்டிவிட்டி"ன்னு எழுதிருப்பாங்க. சாதாரணமா நாம வைக்கிற டிஸ்க்கோட அகலமே 6 மில்லிமீட்டர் தாங்க. அதாவது சுத்தி வட்டமே விழல, புள்ள டிஸ்க்கையே அளந்து வச்சிருக்கு, கைடும் கையெழுத்து போட்டாச்சு.

அப்புறம் இந்த ட்ரிப்ளிகேட். மூணு தடவை பண்ணோம் மேடம்னு சொல்லுவாங்க, எப்படிப் பண்ணீங்கன்னு தோண்டுனா ஒரே நாள், ஒரே கல்ச்சர், ஒரே தட்டுல மூணு டிஸ்க். அது ஒரு தடவை பண்ணத மூணு தடவை அளந்தது, அவ்ளோதான். அத வச்சு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (நம்பருங்க எவ்ளோ சிதறுதுன்னு காட்டறது) போட்டு, அனோவா (வித்தியாசம் தற்செயலா இல்லையான்னு பாக்கற டெஸ்ட்) போட்டு, பி வேல்யூ 0.05க்கு கீழ, அதாவது சும்மா தற்செயல்னு தள்ள முடியாதுன்னு தடிச்ச எழுத்துல போட்டு, வேம்புக்கு 14 துளசிக்கு 11 அதனால வேம்பு தான் ஸ்ட்ராங்னு முடிவுரை. வட்டத்தோட சைஸு மருந்தோட வீரியத்த மட்டும் காட்டாது, அந்தச் சாறு அகாருக்குள்ள எவ்ளோ தூரம் பரவுதுங்கறதையும் சேத்து தான் காட்டும், அதனால ரெண்டு இலைய ஒப்பிடணும்னா எம்ஐசி பாக்கணும், அதாவது கிருமி வளர்ச்சிய நிறுத்த குறைஞ்சது எவ்ளோ அளவு வேணும்னு. இதுல எதையும் புள்ளைங்க தப்புன்னு நான் சொல்லல. சொல்லிக்குடுத்தா ஒரே மத்தியானத்துல புரிஞ்சிக்குவாங்க.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போனா சக்கரை வியாதிய முன்கூட்டியே கண்டுபிடிக்கிற மெஷின் லேர்னிங், அதாவது பழைய டேட்டாவ வச்சு கம்ப்யூட்டரையே கணிக்க வைக்கிறது. கேகிள்ங்கற வெப்சைட்ல இருக்கற பீமா இந்தியன்ஸ் டேட்டாசெட் தான் அனேகமா எல்லாரும் எடுப்பாங்க. பேர்ல இந்தியன்ஸ்னு இருக்கறதால நம்ம நாட்டு டேட்டான்னு நினைச்சு முன்னுரைல இந்தியாவுல சக்கரை நோய் எவ்ளோ கூடிருச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிருப்பாங்க, அது அமெரிக்காவுல அரிசோனாவுல இருக்கற பீமாங்கற பழங்குடி மக்களோட டேட்டா. அதுல ஆம்பளைங்க எத்தனை பேருப்பான்னு சும்மா கேப்பேன். ஒருத்தர் கூட கிடையாது, எல்லாரும் 21 வயசும் அதுக்கு மேலயும் உள்ள பொம்பளைங்க, டேபிளோட முதல் நெடுவரிசையே எத்தனை தடவை கர்ப்பம்ங்கறது தான். ஃபைல ஒரு தடவை திறந்து பாத்துருந்தா தெரிஞ்சிருக்கும். மொத்தம் 768 பேரு, அதுல 374 பேருக்கு இன்சுலின் ஜீரோ, 35 பேருக்கு ரத்த அழுத்தமே ஜீரோ. ஜீரோ பிபில எப்படிப்பா உயிரோட இருந்தாங்க? அதெல்லாம் அளக்காம விட்டது, அந்த இடத்துல ஜீரோ போட்டு வச்சிருக்காங்க. இதெல்லாம் பாக்காம அக்யூரசி, அதாவது மாடல் சரியா சொன்னது, 99 சதவீதம்பாங்க. 500 பேருக்கு சக்கரை இல்ல, அப்ப கண்ண மூடிட்டு எல்லாருக்கும் இல்லன்னு சொன்னாலே 65 சதவீதம் வந்துரும், உங்க மாடல் அதுக்கு மேல எவ்ளோ ஏறுச்சுன்னு தான் பேச்சு. 99 வந்துச்சுன்னா எனக்கு சந்தோஷம் வராது சந்தேகம் தான் வரும், மாடலுக்கு கத்துக்குடுக்க ஒரு பங்கு (ட்ரெயின்), சோதிக்க ஒரு பங்கு (டெஸ்ட்)னு பிரிக்கறதுக்கு முன்னாடியே டேட்டாவ காப்பி போட்டு பெருக்கியிருப்பாங்க, பரிச்சையில வர்ற கேள்வியும் படிச்ச கேள்வியும் ஒண்ணாயிருக்கும்.

எம்பிஏ பத்தி என்ன சொல்றது, கூகுள் ஃபார்ம் லிங்க்க கிளாஸ் வாட்ஸப் குரூப்ல போட்டுட்டு "சென்னை நகர நுகர்வோர் மனநிலை"ன்னு தலைப்பு. விடுங்க.

மார்க் போடற ஷீட்ட பாத்தா ஃபார்மேட்டுக்கு ஒரு கட்டம், பிபிடிக்கு ஒரு கட்டம், லிட்டரேச்சர் ரிவ்யூவுக்கு ஒரு கட்டம். டேட்டா எப்படி எடுத்தாங்கங்கறதுக்கு நான் பாத்த ஷீட் பலதுல இடமே இல்ல. அதோட இந்த சிமிலாரிட்டி பர்சன்டேஜ் வேற, அதாவது மத்தவங்க எழுதுனதோட எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு சாஃப்ட்வேர் சொல்ற சதவீதம். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல கொண்டுவந்த விதிமுறைல 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்ல, 10லருந்து 40 வரைக்கும்னா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 60 தாண்டுனா ரிஜிஸ்ட்ரேஷனே கேன்சல். திருட்ட தடுக்க அது வேணும் தான், ஒத்துக்கறேன், ஆனா காலேஜுங்கள்ல அத தரச் சான்றிதழ் மாதிரி முதல் பக்கத்துல ஒட்டறாங்க. 8 சதவீதம்னா வாக்கியம் பெருசா அப்படியே காப்பி ஆகலன்னு மட்டும் தான் அர்த்தம், டேபிள்ல இருக்கற நம்பர் கற்பனையா நிஜமாங்கறத அந்த சாஃப்ட்வேர் சொல்லாது. இப்ப சாட்ஜிபிடி வந்ததுக்கப்புறம் இங்கிலீஷ் எல்லாருக்கும் ஒரே மாதிரி வழவழன்னு வருது, ரிப்போர்ட் படிச்சு மார்க் போடறதுல அர்த்தமே போயிருச்சு.

அதான் நான் போனதும் ரிப்போர்ட்ட தள்ளி வச்சுட்டு நோட்டக் காட்டுன்னு கேக்கறேன். இந்தப் பழக்கம் எனக்கு ஸ்கூல் புள்ளைங்ககிட்டருந்து வந்தது. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடுன்னு 1993லருந்து நடக்குது, 10லருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு, நம்ம ஊர்ல தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல வருஷமா எடுத்து நடத்திருக்காங்க, தமிழ்லயே எழுதலாம் தமிழ்லயே பேசலாம், அன்னன்னைக்கு பண்ணத குறிச்ச நோட்டையும் கொண்டுவரணும். மாவட்ட அளவுல நடுவரா போனப்ப தெருக்குழாய்ல ஒழுகற தண்ணிய அளந்த ரெண்டு எட்டாங்கிளாஸ் பசங்க வந்தாங்க. ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எவ்ளோ நேரமாச்சுன்னு குழாய் குழாயா எழுதிருந்தாங்க, நடுவுல ஒரு பக்கத்துல "இன்று தண்ணீர் வரவில்லை", இன்னொரு பக்கத்துல "ஒரு அக்கா பாட்டிலை எடுத்துட்டாங்க, மறுபடி அளக்கணும்". கேள்வி கேட்டா ரெண்டு பேரும் போட்டி போட்டுட்டு பதில் சொல்றாங்க, ஏன்னா அவங்க தான் அங்க நின்னாங்க. அந்த நோட்டுக்குப் பக்கத்துல வைக்கிற மாதிரி எம்எஸ்சி பிராஜெக்ட் ரொம்ப கம்மியா தான் பாத்துருக்கேன்.

நான் நல்ல மார்க் போட்ட பிராஜெக்ட்ல பலது ரிசல்ட் வராதது. ஒரு பொண்ணு குப்பைமேனி சாறுக்கு எந்த வட்டமும் விழல, கண்ட்ரோல் தட்டு எல்லாம் சரியா இருந்துச்சு, வேற நாள் புதுசா பண்ணியும் பாத்தேன் அப்பவும் விழலன்னு போட்டோவோட வச்சிருந்தா. கைடு என்கிட்ட தனியா வந்து ரிசல்ட் சரியா வரல மேடம் கொஞ்சம் பாத்துப் போடுங்கன்னாரு. சார், இன்னைக்கு வந்ததுல இது தான் டாப்புன்னேன், அவர் நான் கிண்டல் பண்றேன்னு நினைச்சுட்டாரு.

டேட்டா நோட்டுக்குன்னு 20 மார்க் தனியா ஒதுக்குங்கன்னு ஒரு காலேஜ்ல சொல்லிட்டு வந்திருக்கேன். போர்டு மீட்டிங்ல வைக்கறோம்னாங்க. அப்படியே வச்சாலும் வைவாவுக்கு முந்தின ராத்திரி உக்காந்து மொத்த நோட்டையும் ஒரே பேனாவுல எழுதிட்டு வருவாங்க, அது வேற தெரியும், அதுக்கும் ஏதாவது யோசிக்கணும்.