வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாதா?

"வெறும் வயிற்றோட வாங்கோ, பச்சைத் தண்ணியும் குடிக்கக் கூடாது." அம்மாவின் இரத்தப் பரிசோதனைக்காகக் கேட்டபோது, திருகோணமலை நகரில் உள்ள ஒரு லாப்பில் இப்படித்தான் போனில் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பி அம்மா பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அம்மாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது, நீரிழிவும் பிரஷரும் உண்டு. இரவு முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், விடியவே மூதூரில் வெளிக்கிட்டு, கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்தா. சாதாரண நாளிலேயே நரம்பு பிடிபடாத கை அது. உடம்பில் தண்ணீர் வற்றினால் நரம்பு இன்னும் ஒடுங்கிவிடும். ஏசிக் குளிரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அங்கிருந்த தம்பி பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டு, "கையை மடக்கி மடக்கி விரியுங்கோ" என்றபடி ஊசியை உள்ளுக்குள்ளேயே திருப்பித் திருப்பித் தேடினார். வேறு யாரையாவது கூப்பிடச் சொன்னேன். "ஆள் மாறினா நரம்பு வருமோ?" என்று கேட்டார்.

பின்னேரம் போன் வந்தது. இரத்தம் உடைந்துவிட்டதாம், பொட்டாசியம் பார்க்க ஏலாதாம், திரும்ப வரட்டாம்.

அப்புறம் வேறு இடத்தில் ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) பொறுமையாக விளக்கினா. சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். கையைத் திரும்பத் திரும்ப மடக்கினாலும் கூடும். பட்டியை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. சீனி, கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் தண்ணீர் குடிக்கலாம். தேத்தண்ணி, பால், ஜூஸ்தான் கூடாது. (இதய, சிறுநீரக வருத்தத்துக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னவர்கள் டொக்டரைக் கேட்டே குடியுங்கள்.)

அடுத்த தடவை அம்மா எழும்பியதில் இருந்தே தண்ணீர் குடித்தா. பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டுபோய், துணியை நனைத்துப் பிழிந்து கையில் ஒற்றினேன். நீரிழிவுக்காரருக்குச் சூடு உறைக்காமல் போகலாம், முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். கையைக் கொஞ்ச நேரம் கீழே தொங்கப் போட்டிருந்தா. மிஸ்ஸி கண்ணை நம்பாமல் விரலால் தடவித் தேடி, சிறகு வைத்த மெல்லிய பட்டர்ஃப்ளை ஊசியால் ஒரே குத்தில் எடுத்தா. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு தடவை குத்தியும் வராவிட்டால் வேறு ஆளைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மயக்கம் வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள். மார்பகச் சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கையையும், டயலிசிஸ் (இரத்தச் சுத்திகரிப்பு) செய்வதற்கென்று நரம்பு இணைத்த கையையும் நீட்ட வேண்டாம். எடுத்து முடிந்ததும் முழங்கையை மடக்காமல், நேராக வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

'இடது கை, வெளிப்பக்க நரம்பு, பட்டர்ஃப்ளை ஊசி' என்று அம்மாவின் கிளினிக் கொப்பி அட்டையில் எழுதிவிட்டேன். இனி எங்கே போனாலும் முதலில் அதைத்தான் நீட்டப்போகிறேன்.