இரண்டாவது புள்ளி

வெளிநாட்டுச் செய்தி டெஸ்கில் இரவு வேலை பார்ப்பவனுக்கு நித்திரை வராமலிருக்க ஏதாவது வேண்டும். 2017 மார்ச்சில் எனக்கு அவுஸ்திரேலிய வரைபடம் வாய்த்தது. மேற்குக் கரையிலுள்ள பிரிமண்டிலில் தொடங்கி கிழக்கே சிட்னி ஒபரா ஹவுஸ் வரை 5,000 கிலோமீற்றருக்கும் மேல் சைக்கிள் போட்டி. ஆளுக்கொரு ஜி.பி.எஸ். கருவி, திரையில் ஆளுக்கொரு புள்ளி. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போனதும் பிளேன்டீயோடு உட்கார்ந்துவிடுவேன்.

பக்கம் வடிவமைக்கும் தம்பிக்கு இது விசர் வேலையாகத்தான் பட்டது. "சாப்பாட்டை ஆர் அண்ணை கொண்டுபோய்க் குடுக்கிறது?" என்று கேட்டார். யாரும் கொடுக்கக்கூடாது என்றேன். விதியே அதுதான். பின்னால் கார் வராது. எல்லோருக்கும் திறந்திருக்கும் கடையில் வாங்கிச் சாப்பிடலாம். கூட்டாளி ஒருவன் வந்து ஒரு பணிஸை நீட்டினால் வாங்கக்கூடாது. படுத்துத் தூங்கினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் தம்பியும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவதாக வந்துகொண்டிருந்த மைக் ஹோல்தான் எங்கள் ஆள். 2012இல் உலகைச் சுற்றிச் சுமார் 29,000 கிலோமீற்றர் ஓட்டியவர். விமானத்தில் போன நேரத்தைக் கழித்தால் 91 நாள் 18 மணித்தியாலம். ஆனால் அவர்மேல் அத்தனை பேருக்கும் இருந்த பாசத்துக்கு, 2013இல் அவர் தொடங்கிய டிரான்ஸ்கொன்டினென்டல் போட்டிதான் காரணம் என்பேன். முதல் ஆண்டு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து இஸ்தான்புல் வரை. இடையில் குறித்துக் கொடுத்த சில இடங்களைத் தொட வேண்டும். மற்றபடி எந்த ரோட்டில் போவதென்பது அவரவர் பாடு. அணியும் அனுசரணையாளரும் இல்லாத, லீவு போட்டுவிட்டு வரும் ஆபீஸ்காரனும் ஐரோப்பாவைக் கடக்கலாம் என்றாகிவிட்டது.

மார்ச் 31. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது, அங்கே விடிகிற நேரம். கன்பராவுக்குத் தெற்கே புள்ளி நின்றது. "படுத்திட்டார் போல" என்றார் தம்பி. சிட்னியை இவ்வளவு நெருங்கிவிட்டுப் படுக்கிற ஆளா அவர்? கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. கார் மோதி இறந்துவிட்டார். வயது 35. போட்டியையே நிறுத்திவிட்டார்கள்.

அன்று மாலை விளையாட்டுப் பக்கத்தில் இடம் கேட்டேன். மறுநாள் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கைக்குப் பங்களாதேஷுடன் மூன்றாவது ஒருநாள் போட்டி. கிரிக்கெட் இருக்கும் நாளில் நம் பக்கங்களில் மற்றதெல்லாம் மூலைக்குத்தான். வென்றவரா என்று கேட்டார்கள், இல்லை. நம் நாட்டவரா, அதுவும் இல்லை. ஒரு பத்தியின் அடியில், படமில்லாமல், நாலு வரி கிடைத்தது. பெயர், வயது, நாடு, விபத்து என்று நாலு வரியையும் நிரப்பினால் அது தினமும் வரும் வீதி விபத்துச் செய்திதான். அதனால் வயதையும் நாட்டையும் வெட்டிவிட்டு, மற்றவர்களுக்காக அவர் உண்டாக்கிய போட்டியைப் போட்டேன். வயதை வெட்டியது செய்தி இலக்கணத்துக்குப் பிழை என்று தலைமை உதவி ஆசிரியர் முறைத்தார். முறைக்கட்டும்.

ஏப்ரல் 2, ஞாயிறு. அவருக்காகச் சிட்னியில் சைக்கிள்காரர்கள் கூடி, ஒபரா ஹவுஸ் வரை சேர்ந்து ஓட்டினார்கள். நல்லவேளை, அன்று இங்கே மேட்ச் இல்லை. மூன்று பத்தி அகலத்துக்குப் படம் போட்டோம்.