இருட்டுக் கணக்கு (பேராவூரணிப் பக்கம்)

16.11.2018, வெள்ளி

கஜா புயல். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஓடு பறக்கும் சத்தம். விடிந்ததும் அப்பா தென்னந்தோப்புக்குப் போனார். பத்து மணிக்குத்தான் திரும்பினார். சோறு வேண்டாம் என்றார். எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

17.11, சனி

5 ரூபாய் மெழுகுவர்த்தி 20 ரூபாய். நேற்றுச் சாயங்காலம் 10 ஆக இருந்ததாம். கடைக்கார அண்ணன் காசு வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "டவுன்ல எனக்கே பதினஞ்சும்மா" என்று கல்லாப்பெட்டியைப் பார்த்துச் சொன்னார். இருக்கலாம். போன் 31%.

18.11, ஞாயிறு

போன் 9%. மெயின் ரோட்டில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்து, ஒரே பலகையில் நாற்பது போனைத் தொங்கவிட்டிருக்கிறார். போனுக்கு 30 ரூபாய். ஒரு மணி நேரம் நின்று 46% வந்ததும் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். பாலத்து மேல் ஏறினால் ஒரு கோடு சிக்னல். சிங்கப்பூரில் இருக்கும் வீட்டுக்காரர் கிடைத்தார். "எத்தனை மரம்?" என்றார் முதலில். அப்புறம்தான் பயலைக் கேட்டார். கோபம் வரவில்லை. எனக்கும் ராத்திரியெல்லாம் அதே நினைப்புதான்.

19.11, திங்கள்

தண்ணீர். மேல்நிலைத் தொட்டி காலியாகி மூன்று நாள். சித்தப்பா மகன் திருச்சியிலிருந்து ஜெனரேட்டர் இறக்கியிருக்கிறான். மோட்டார் ஓட்ட மணிக்கு 1,500, டீசல் ஊர்ச் செலவு. போன மாதம் கல்யாண வீட்டுக்கு இதே சைஸ் ஜெனரேட்டர் நாள் முழுக்க 2,000 என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மந்தையில் கூட்டம் போட்டு வீட்டுக்கு 50 என்று பிரித்தார்கள். கூரை போன வீட்டு ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து, சில்லறையாக எண்ணி வைத்தது. அவன் அதையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எங்கள் வீட்டுக்கு வந்தபோது மட்டும், "பெரியப்பாகிட்ட வேணாங்க்கா" என்றான். சும்மா இருந்துவிட்டேன். ஐம்பது ரூபாய் மிச்சம். அந்த ஐம்பதை யார் தலையில் வைத்திருப்பான் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

தண்ணீர் வந்ததும் பத்துக் குடம் பிடித்தேன். தேவை ஐந்துதான்.

20.11, செவ்வாய்

முதலமைச்சர் ஹெலிகாப்டரில் வந்து போனாராம். தென்னைக்கு அறிவிப்பு வந்துவிட்டது: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100. அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார். "வருசத்துக்கு நூறு காய். காய் பன்னெண்டு ரூவாய்னு போடு." போட்டேன். 1,200. ஒரு வருஷக் காய்ப்புக்குக்கூடக் காணவில்லை. புதுக்கன்று காய்க்க ஆறேழு வருஷம். அப்பாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. இந்தக் கணக்கை நான் போடவில்லை.

21.11, புதன்

போன் 4%.

22.11, வியாழன்

விழுந்தவை 163. குருத்து திருகி நிற்பவை 18. மொத்தத் தோப்பு 212. அப்பா சொல்லவில்லை, நானும் பயலும் போய்ச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு எண்ணினோம்.

நிவாரண லாரி ஒன்று வந்தது. எங்கிருந்தோ நல்ல மனசில் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் மெயின் ரோட்டிலேயே கட்சிக்காரர்கள் நிறுத்தி, "உள்ளே ரோடு சரியில்லை, நாங்க பிரிச்சுக் கொடுக்கிறோம்" என்று இறக்கிவிட்டார்கள். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. நாங்களே மரம் அறுத்து ஒதுக்கிய ரோடு. எங்கள் தெருவுக்கு வந்தது ஒரு மூட்டை பழந்துணி. அதில் குளிர்கால ஸ்வெட்டரும் ஒரு ஒற்றைக் கால் சாக்ஸும். 2015 வெள்ளத்தில் சென்னையில் நிவாரணப் பொட்டலத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள் என்று இங்கே உட்கார்ந்து சிரித்தோம். பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு வாங்கினோம் என்று நாத்தனார் அப்போது அழுதபோது, பட்டணத்துக்காரர்கள் அப்படித்தான் என்றேன்.

23.11, வெள்ளி

திருக்கார்த்திகை. மெழுகுவர்த்தி 25. வாங்கவில்லை. தேங்காய் எண்ணெய் வீட்டில் இருக்கும்போது எதற்கு? ஏழு நாளாக இது ஏன் உறைக்கவில்லை! பரணிலிருந்து அகலை இறக்கி வாசலெல்லாம் ஏற்றினோம். அம்மா அப்போதும் தூக்குச் சட்டியைச் சாய்த்து எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாள். கோயிலில் சொக்கப்பனைக்கு இந்த வருஷம் மரம் தேட வேண்டியிருக்கவில்லை. அப்பா பார்க்கப் போகவில்லை.

25.11, ஞாயிறு

தலையாரி வந்தார். நாற்காலி போட்டேன், உட்கார்ந்தார், தோப்பைப் பற்றிப் பேசாமல் அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் மெதுவாக: விழுந்ததுதான் கணக்கில் வரும், நிற்பது வராது. குருத்து போன மரம் ஆறு மாதத்தில் பட்டுப்போகும் என்று சொன்னேன். "பட்டுப்போறப்ப பட்டுப்போகட்டும்மா, இன்னிக்கி நிக்குதுல்ல" என்றார்.

பிறகு அப்பாவைப் பார்த்து, "முழுத் தோப்பும் போச்சுன்னு எழுதிடலாம். 212. கூட வர்றதுல பாதி ஆபீசுக்கு. எனக்கில்ல, மேல குடுக்கணும்" என்றார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

26.11, திங்கள்

212 கழித்தல் 163, 49. பெருக்கல் 1,100, 53,900. பாதி 26,950. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து இதைப் போட்டேன். அதில் பதினெட்டு மரம் எங்களுக்கு நியாயமாக வர வேண்டியது. 19,800. நியாயமாக வர வேண்டியதற்குப் பாதி கொடுத்துப் பொய்யாக வாங்குவது. அந்தப் பதினெட்டை மட்டும் கேட்டால்? அதற்குத் தனி ரேட் இருக்குமா?

மெழுகுவர்த்திக்காரரை ஒரு வாரமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு மெழுகுவர்த்திக்குப் பதினைந்து ரூபாய் லாபம், டவுன் விலை நிஜமென்றால் ஐந்துதான்.

28.11, புதன்

தார்ப்பாய் வாங்கினேன், 1,500 ரூபாய். ஓட்டின் மேல் விரித்துக் கட்டும்போதுதான் மூலையில் அச்சடித்திருப்பதைப் பயல் எழுத்துக்கூட்டிப் படித்தான்: "வி-ற்-ப-னை-க்-கு அ-ல்-ல." சத்தமாகப் படித்தான். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள், அவர்களும் அதே கடைதான். மழை வருகிற மாதிரி இருந்தது. அந்த எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி திருப்பிக் கட்டச் சொன்னேன்.

30.11, வெள்ளி

விற்கிறதெல்லாம் விலை போகாது, வாங்குகிறதெல்லாம் யானை விலை. கீழே கிடக்கிற காய் 3 ரூபாய்க்குக் கேட்கிறான் வியாபாரி. மரத்தைச் சூளைக்காரர் சும்மா எடுத்துக்கொள்கிறாராம், அறுப்புக் கூலி நம்முடையது. மிஷின்காரன் மரத்துக்கு 400 கேட்கிறான். அரசாங்கம் கொடுக்கப்போகிற 500-ஐ அவனும் பேப்பரில் படித்திருப்பான்.

1.12, சனி

மின்கம்பம் நட வந்தவர்கள் வெளியூர்ப் பிள்ளைகள். பாவம், இடுப்பளவு சேற்றில் நிற்கிறார்கள். மூன்று வேளையும் ஊரே சோறு போடுகிறது, அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் "லைன் சீக்கிரம் வரணும்னா" என்று வீட்டுக்கு 500 வசூலித்தது அவர்கள் இல்லை, நம்ம ஊர் ஆள். ஆச்சியிடமும் கேட்டிருக்கிறான். அது கொடுக்கவில்லையாம். "எனக்கு வெளிச்சத்துல பாக்க என்னடா இருக்கு" என்றதாம். நான் கொடுத்தேன். போன் 17%.

2.12, ஞாயிறு

26,950.

3.12, திங்கள்

பட்டியலில் எங்கள் பெயருக்கு நேரே 140 என்று எழுதியிருப்பதாகச் சித்தப்பா மகன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். 163 இல்லை, 140. இருபத்து மூன்று மரத்தை எழுந்து நிற்க வைத்துவிட்டார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தலையாரி சாயங்காலம் வருகிறாராம். அம்மா டீத்தூள் வாங்கி வரச் சொல்கிறாள்.